நீராவி மாடல் எஞ்சினுக்குள் தீ வைப்பது எப்படி?

மேசை மேல் வைக்கிற அளவுள்ள நீராவி எஞ்சின் ஒன்றையும் அதே அளவுள்ள பெட்ரோல் எஞ்சின் ஒன்றையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரிதான் இருக்கும். ஒரு சிலிண்டர், உள்ளே போய்வரும் பிஸ்டன், அந்தப் போக்குவரத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க், பக்கத்தில் கனமான ஃப்ளைவீல். அதனால் நீராவி மாடல் ஒன்றைக் கடைந்து முடித்த எவருக்கும் ஒருநாள் இந்த ஆசை வந்தே தீரும்: பாய்லரைக் கழற்றிவிட்டு, நீராவி நுழையும் குழாயில் பெட்ரோல் ஆவியை விட்டு, ஒரு பொறியையும் வைத்தால் ஓடாதா?

ஓடும். ஏற்கெனவே ஓடியும் இருக்கிறது. 1860-இல் பாரிஸில் எத்தியென் லெனுவார் காப்புரிமை பெற்ற எரிவாயு எஞ்சின் கிட்டத்தட்ட இதேதான். பார்வைக்கு அது படுக்கை வசத்தில் கிடக்கும் நீராவி எஞ்சின். நீராவியை உள்ளே விட்டு வெளியேற்றும் ஸ்லைடு வால்வுகூட அப்படியே. பிஸ்டன் பாதி தூரம் போகும்வரை நிலக்கரி வாயுவும் காற்றும் கலந்து உள்ளே வரும். அப்போது வால்வு மூடும், பொறி விழும், மீதிப் பாதி தூரத்துக்கு வெடிப்பு பிஸ்டனைத் தள்ளும். திரும்பி வரும்போது பிஸ்டனின் மறுபக்கத்திலும் இதே கூத்து. வணிகமாக விற்ற முதல் உள்ளெரி எஞ்சின்களில் ஒன்று அது. ஆனால் கொடுத்த எரிபொருளில் சுமார் 4 அல்லது 5 சதவீதம்தான் வேலையாக வெளியே வந்தது. மீதியெல்லாம் சூடு. குளிர்நீரையும் எண்ணெயையும் அது குடித்த குடி கொஞ்சமல்ல.

லெனுவார் பட்ட பாட்டைப் பார்த்தால் நம் மாடலில் எதை மாற்ற வேண்டும் என்பது பாதி புரிந்துவிடும். நீராவி எஞ்சினில் தீ எஞ்சினுக்கு வெளியே, பாய்லருக்கு அடியில் இருக்கிறது. சிலிண்டருக்கு வந்து சேர்வது அந்தத் தீ சமைத்துக் கொடுத்த நீராவி மட்டும்தான். உள்ளெரி எஞ்சினில் தீ சிலிண்டருக்குள்ளேயே எரிகிறது. கீழே வரும் ஒவ்வொரு மாற்றமும், சிலிண்டர் உலோகம் முதல் வால்வு வரை, இந்த இடமாற்றத்தால் வருவதுதான்.

முதலில் கொஞ்சம் கணக்கு

20 மில்லிமீட்டர் விட்டமும் 20 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போகும் தூரம்) உள்ள சிலிண்டரை எடுத்துக்கொள்வோம். மாடல் செய்பவர்கள் நிறையப் பேர் கை பழகும் ஸ்டூவர்ட் 10வி எஞ்சின் முக்கால் அங்குலத்துக்கு முக்கால் அங்குலம், அதாவது 19-க்கு 19. அதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறோம். பிஸ்டனின் முகம் 314 சதுர மில்லிமீட்டர். 3 பார் அழுத்தத்தில் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) நீராவி வந்தால் பிஸ்டன் மேல் விழும் விசை சுமார் பத்து கிலோ. அந்த அழுத்தத்தில் நீராவியின் வெப்பநிலை ஏறக்குறைய 144 டிகிரி செல்சியஸ். பத்து கிலோ தள்ளு, 144 டிகிரி சூடு. இதற்காகத்தான் அந்தச் சின்ன பித்தளைச் சிலிண்டரும், அதைப் பிடித்திருக்கும் பொடி ஸ்க்ரூக்களும் அளந்து வைக்கப்பட்டிருக்கின்றன.

அதே சிலிண்டரில் காற்றும் பெட்ரோலும் ஐந்தில் ஒரு பங்காக அமுக்கப்பட்டுப் பற்றிக்கொண்டால் அழுத்தம் 25 பாரைத் தொட்டுவிடலாம். விசை எண்பது கிலோ. அதுவும் நீராவி மாதிரி மெதுவாகச் சாய்ந்து தள்ளாது, சுத்தியால் அடிப்பது போல ஒரே அடி. தீயின் நடுவே வெப்பநிலை 2000 டிகிரிக்கு மேல். நல்லவேளையாக அது ஒரு கணம்தான். சிலிண்டர் சுவர் அந்தச் சூட்டுக்குப் போவதில்லை. ஆனாலும் 144 டிகிரிக்காகச் செய்யப்பட்ட பொருட்கள் அங்கே தாங்காது.

என் முதல் முயற்சி இந்த இடத்தில்தான் கவிழ்ந்தது. கம்பிரசர் காற்றில் மணிக்கணக்காக ஓடிய எஞ்சின் அது. பெட்ரோலில் ஒரு நிமிடம்கூட முழுதாக ஓடவில்லை, வெளியேற்றக் குழாய் மெல்லத் தலை கவிழ்ந்து மேசையில் விழுந்தது. குழாயை ஈயப்பற்றால் ஒட்டியிருந்தேன். சாதாரண ஈய-வெள்ளீயப் பற்று 183 டிகிரியில் இளக ஆரம்பித்துவிடும். நீராவிக்கு அது போதும், தீக்குப் போதாது. கையில் இருக்கும் மாடலின் சிலிண்டரில் எங்காவது சாம்பல் நிறத்தில் மங்கலாக ஒரு பற்று தெரிந்தால், அந்தச் சிலிண்டரை மறந்துவிடுங்கள்.

எதை வைத்துக்கொள்வது, எதைத் தூக்கிப்போடுவது

இதற்கு விடை வரலாற்றிலேயே இருக்கிறது. 1890-களில் அமெரிக்காவின் பென்சில்வேனியா எண்ணெய் வயல்களில் பம்புகளை இயக்க நிறைய நீராவி எஞ்சின்கள் இருந்தன. பாய்லருக்குத் தண்ணீர் வேண்டும், தீ போட ஓர் ஆள் வேண்டும். ஆனால் அந்தக் கிணறுகளிலிருந்தே எரிவாயு சும்மா வெளியேறிக்கொண்டிருந்தது. அங்கிருந்தவர்கள் முழு எஞ்சினையும் தூக்கிப்போடவில்லை. அடித்தளம், கிராங்க், ஃப்ளைவீல், பிஸ்டன் தண்டையும் கனெக்டிங் ராடையும் இணைத்து நேர்கோட்டில் வழுக்கும் கிராஸ்ஹெட் எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டு, நீராவிச் சிலிண்டரை மட்டும் கழற்றி அந்த இடத்தில் எரிவாயுச் சிலிண்டர் ஒன்றைப் போல்ட் போட்டு மாட்டினார்கள். 'ஹாஃப் பிரீட்' என்று அதற்கு ஒரு பட்டப்பெயர். பாதி அந்தச் சாதி, பாதி இந்தச் சாதி என்ற அர்த்தத்தில்.

மாடலிலும் என் யோசனை அதுதான். கிராஸ்ஹெட்டுக்குக் கீழே உள்ளதை வைத்துக்கொள்ளுங்கள், மேலே உள்ளதைப் புதிதாகச் செய்யுங்கள். பழைய சிலிண்டரைத் துளைத்து, அறுத்து, ஒட்டுப்போட்டுப் பார்ப்பது வீண்வேலை. பத்திரமாக எடுத்து வைத்தால் மனம் மாறும்போது திரும்ப மாட்டிக்கொள்ளலாம். பழைய, அரிய மாடலாக இருந்தால் இது இன்னும் முக்கியம்.

கீழே இருப்பதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. எட்டு மடங்கு விசை அங்கேதான் போய் விழப்போகிறது. கிராங்க் தட்டும் தண்டும் வெறும் ஒரு சின்ன ஸ்க்ரூவால் பிடிக்கப்பட்டிருந்தால் பத்து வெடிப்பில் நழுவிவிடும். குறுக்கே துளைத்து ஊசி அடித்துவிடுங்கள். கனெக்டிங் ராடின் பெரிய முனையில் ஆட்டம் இருந்தால் நீராவியில் லேசான 'டிக்' சத்தம் வரும். வெடிப்பில் அதே ஆட்டம் தட்டித்தட்டித் துளையை முட்டை வடிவமாக்கிவிடும்.

ஸ்லைடு வால்வு ஏன் ஒத்துவராது

நீராவி எஞ்சினின் அழகே அந்த ஸ்லைடு வால்வுதான். பெட்டி மூடி போன்ற ஒரு துண்டு தட்டையான முகத்தில் வழுக்கிப் போய்வந்து, ஒரு துளையில் நீராவியை விட்டு மறு துளையிலிருந்து வெளியேற்றுகிறது. அதை முகத்தோடு ஒட்டிப் பிடித்திருப்பது எது? பெட்டிக்குள் நிறைந்திருக்கும் நீராவியின் அழுத்தமேதான். உள்ளெரி எஞ்சினில் நிலைமை தலைகீழ். பெட்டிக்குள் வெறும் காற்றழுத்தம், சிலிண்டருக்குள் 25 பார். வெடித்த கணமே வால்வு முகத்தை விட்டு எழும்பும், தீ பெட்டிக்குள் பாயும். 1876-இல் நிக்கோலஸ் ஓட்டோ செய்த நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினிலும் ஸ்லைடு வால்வு இருந்தது உண்மை. ஆனால் அதைக் கனமான மூடியும் வலுவான ஸ்பிரிங்குகளும் அமுக்கிப் பிடித்திருந்தன. மாடலில் அந்த வம்பு வேண்டாம். காளான் வடிவில் இருக்கும் பாப்பெட் வால்வை உள்ளிருக்கும் அழுத்தமே இன்னும் இறுக்கமாக மூடும்.

அடுத்த கேள்வி, வால்வை எப்போது திறப்பது? நீராவியில் ஒவ்வொரு சுற்றும் ஒரே மாதிரி. பிஸ்டனின் இரு பக்கமும் நீராவி தள்ளுவதால் ஒரு சுற்றுக்கு இரண்டு தள்ளு. வால்வை இயக்கும் எக்சென்ட்ரிக் என்ற மையம் விலகிய வட்டு கிராங்க் தண்டின் வேகத்திலேயே சுற்றினால் போதும். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் உறிஞ்சுதல், அமுக்குதல், வெடித்தல், வெளியேற்றல் என்று நான்கு வேலைக்கு இரண்டு சுற்று ஆகிறது. தள்ளு அதில் ஒன்றே ஒன்று. எனவே வெளியேற்ற வால்வைத் தட்டும் கேம் பாதி வேகத்தில் சுற்ற வேண்டும். கிராங்க் தண்டில் 20 பல், கேம் தண்டில் 40 பல். இரண்டு பற்சக்கரம், அவ்வளவுதான்.

உள்ளிழுக்கும் வால்வுக்கு கேமே தேவையில்லை என்பது ஆரம்பிப்பவர்களுக்கு நல்ல செய்தி. மெல்லிய ஸ்பிரிங் ஒன்றை மாட்டிவிட்டால் பிஸ்டன் கீழே இறங்கும் உறிஞ்சலிலேயே அது திறந்துகொள்ளும். ஸ்பிரிங் எவ்வளவு மெல்லியது? வால்வுக் கூட்டைக் கழுவித் துடைத்து, எரிபொருள் எதுவும் படுவதற்கு முன்னால் வாயில் வைத்து உறிஞ்சிப் பாருங்கள். லேசாக உறிஞ்சியதும் திறக்க வேண்டும், விட்டதும் 'டக்'கென்று மூட வேண்டும். வெளியேற்ற வால்வு பிஸ்டன் அடிமட்டத்தைத் தொடுவதற்கு, கிராங்கின் சுழற்சியில் சுமார் 40 டிகிரி முன்பே திறந்து, மேல்மட்டத்தைத் தாண்டிச் சில டிகிரியில் மூடினால் மெதுவாக ஓடும் மாடலுக்குச் சரியாக இருக்கும்.

பழைய எக்சென்ட்ரிக்கைக் கழற்றிப் போட மனம் வராதவர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது: பொறிக்கான மின்தொடர்பான பாயின்ட்டைத் திறந்து மூட அதைப் பயன்படுத்தலாம். ஒவ்வொரு சுற்றுக்கும் பொறி விழும். ஒன்று வெடிப்புக்கு, மற்றது புகை வெளியேறும் நேரத்தில் வீணாக. வீணான பொறியால் ஒரு கெடுதலும் இல்லை.

இரண்டு ஸ்ட்ரோக் என்னும் ஆசை

கிராஸ்ஹெட் உள்ள நீராவி எஞ்சின், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடிப்பு தரும் இரண்டு ஸ்ட்ரோக்குக்கு என்றே பிறந்தது போல இருக்கும். பிஸ்டனின் கீழ்ப்பக்கம் ஏற்கெனவே மூடப்பட்ட அறை. பிஸ்டன் தண்டு கசியாமல் இருக்க ஸ்டஃபிங் பாக்ஸும் தயாராக இருக்கிறது. மேல்பக்கம் வெடிக்கட்டும், கீழ்ப்பக்கம் புதுக் கலவையை உறிஞ்சி மேலே அனுப்பும் பம்பாக இருக்கட்டும். எண்ணெய் வயல் எஞ்சின்கள் செய்தது இதைத்தான்.

காகிதத்தில் பார்க்க அருமையாக இருக்கும், ஆனால் ஒரு பொறி அதில் ஒளிந்திருக்கிறது. தீப்பொறி இல்லை, எலிப்பொறி. நீராவி எஞ்சினின் பிஸ்டன் ஒரு தடித்த வட்டத் தட்டு, ஆறேழு மில்லிமீட்டர்தான் இருக்கும். சிலிண்டர் சுவரில் வெளியேற்றத் துளை போட்டால், பிஸ்டன் மேலே போனதும் அந்தத் துளை அதன் காலடியில் திறந்து கிடக்கும். பம்ப் செய்ய வேண்டிய புதுக் கலவை அத்தனையும் அதன் வழியே ஓடிவிடும். துளையை எப்போதும் மறைத்திருக்க வேண்டுமென்றால் பிஸ்டன் குறைந்தது ஒரு ஸ்ட்ரோக் நீளமாவது இருக்க வேண்டும். பிஸ்டன் நீண்டால் சிலிண்டரும் நீள வேண்டும். முதல் முயற்சிக்கு நான்கு ஸ்ட்ரோக்கே மேல் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம். அதில் கீழ்ப்பக்கத்தைத் திறந்தே விட்டுவிடலாம், ஸ்டஃபிங் பாக்ஸையே மறந்துவிடலாம்.

காலி இடத்தின் அளவு

நீராவி எஞ்சினில் பிஸ்டன் மேலே போய் நின்றதும் மூடிக்கும் அதற்கும் நடுவே இடம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. அங்கே தங்கும் நீராவி நஷ்டம். உள்ளெரி எஞ்சினில் அந்தக் காலி இடம்தான் தீ எரியும் அறை. அது இல்லாவிட்டால் எரிய இடமில்லை, பெரிதாகிவிட்டால் கலவை சரியாக அமுங்காது, அமுக்காமலே பற்றவைத்த லெனுவாரின் நிலைமைதான்.

அளவு கண்டுபிடிப்பது சுலபம். ஐந்துக்கு ஒன்று என்று அமுக்க வேண்டுமா? ஸ்ட்ரோக்கை நான்கால் வகுங்கள். 20 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக்குக்கு 5 மில்லிமீட்டர். பிஸ்டன் மேல்மட்டத்தில் நிற்கும்போது அதற்கு மேலே சிலிண்டர் அகலத்துக்கே 5 மில்லிமீட்டர் உயரம் காலியாக இருக்க வேண்டும். வால்வுக் குழி, ஸ்பார்க் பிளக் துளை எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். ஆறுக்கு ஒன்று வேண்டுமானால் ஐந்தால் வகுக்க வேண்டும், 4 மில்லிமீட்டர். முதல் எஞ்சினுக்கு அமுக்கத்தை நான்குக்கு ஒன்றிலிருந்து ஐந்துக்கு ஒன்றுக்குள் வைத்துக்கொள்வது நல்லது. கையால் சுற்றி ஸ்டார்ட் பண்ணும்போது மணிக்கட்டு நன்றி சொல்லும்.

இந்த அமுக்கத்தைப் பிடித்து வைப்பது பிஸ்டனின் வேலை. நீராவியில் கிராஃபைட் நூலோ ரப்பர் வளையமோ போதும். தீக்கு வார்ப்பிரும்பு ரிங்தான் சரி. அல்லது சிலிண்டரோடு தேய்த்துத் தேய்த்துப் பொருத்திய வார்ப்பிரும்பு பிஸ்டன். சிலிண்டர் எஃகு அல்லது வார்ப்பிரும்பு. பித்தளை ஏன் கூடாது? சூட்டில் அது வார்ப்பிரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். குளிர்ந்திருக்கும்போது கச்சிதமாக இருந்த ரிங் சூடானதும் தளர்ந்துவிடும். எல்லாம் பொருத்தி ஒரு துளி எண்ணெய் விட்டு ஃப்ளைவீலைக் கையால் சுற்றிப் பாருங்கள். அமுக்கும் ஸ்ட்ரோக்கில் அது தடைப்பட்டு, ஸ்பிரிங்கில் முட்டியது போலப் பின்னால் துள்ள வேண்டும். துள்ளாவிட்டால் பொறி, பெட்ரோல் பற்றியெல்லாம் இப்போது யோசிக்க வேண்டாம்.

ஒரு சொட்டு பெட்ரோல்

நம் சிலிண்டர் ஒரு தடவைக்கு இழுக்கும் காற்று சுமார் 6.3 சி.சி. அதன் எடை ஏழரை மில்லிகிராம். ஒரு பங்கு பெட்ரோல் முழுசாக எரிய எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும். ஆக ஒரு வெடிப்புக்குத் தேவையான பெட்ரோல் அரை மில்லிகிராம். மருந்து ஊற்றும் ஃபில்லரிலிருந்து விழும் ஒரு சொட்டிலேயே எத்தனையோ வெடிப்பு இருக்கிறது! நிமிடத்துக்கு 600 சுற்று ஓடினால் 300 வெடிப்பு. ஒரு சொட்டில் பல விநாடி ஓடும். பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரின் ஊசி வால்வை மயிரிழை திருப்பினாலும் எஞ்சின் மூச்சுத் திணறுவது இதனால்தான். 'கொஞ்சம் தாராளமாகவே போகட்டும்' என்று திறந்துவிட்டால் பிளக் நனைந்து கறுத்துப்போகும், அப்புறம் நாள் முழுக்கச் சுற்றினாலும் பற்றாது.

புரொப்பேன் போன்ற எரிவாயுவில் இந்தத் தலைவலி குறைவு, ஏற்கெனவே ஆவியாக வருவதால் கலப்பது எளிது. ஆனால் எஞ்சின் உறிஞ்சும்போது மட்டும் திறந்து, நின்றதும் தானாக மூடும் வால்வு கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் நின்றுபோன எஞ்சின் அறை முழுக்க வாயுவை நிரப்பிக்கொண்டிருக்கும். எந்த எரிபொருளாக இருந்தாலும் ஜன்னல் திறந்த இடத்தில்தான் ஓட்ட வேண்டும். புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது.

பற்ற வைக்க, பொறி இல்லாமல் சூடான கம்பியால் பற்றவைக்கும் மாடல் விமானங்களின் குளோ பிளக்கை மாட்டலாமே என்று தோன்றும். அது மெத்தனால் எரிபொருளில், நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் சுற்றும் எஞ்சினில் தன் சூட்டைத் தானே காப்பாற்றிக்கொள்ளும். சாவகாசமாக ஓடும் நம் எஞ்சினில் அடுத்த வெடிப்பு வருவதற்குள் ஆறிப்போகும். பொறிக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலும் (coil) கால் அங்குலச் சின்ன ஸ்பார்க் பிளக்கும்தான் நம்பகமானவை. பிளக் இடைவெளி அரை மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும். ஸ்டார்ட் பண்ணும்போது பொறி பிஸ்டன் மேல்மட்டத்தைத் தொட்ட பிறகே விழும்படி வையுங்கள். முன்னால் விழுந்தால் ஃப்ளைவீல் பின்னால் உதைக்கும், விரல் நோகும். ஓட ஆரம்பித்த பிறகு பத்துப் பதினைந்து டிகிரி முன்னால் தள்ளிக்கொள்ளலாம்.

குளிர்விக்கச் சிலிண்டரைச் சுற்றி ஒரு திறந்த தொட்டி வைத்துத் தண்ணீர் ஊற்றினால் போதும். தண்ணீர் கொதிக்கும், ஆவி எழும், 100 டிகிரியைத் தாண்டாது. பாய்லர் வேண்டாம் என்று கிளம்பியவர்கள் கடைசியில் சிலிண்டரைச் சுற்றியே ஒன்றைக் கட்டிக்கொண்டோம்.

ஃப்ளைவீல் பற்றி ஓர் எச்சரிக்கை. ஒரு சுற்றுக்கு இரண்டு தள்ளு இருந்த இடத்தில் இப்போது இரண்டு சுற்றுக்கு ஒன்று. நடுவில் மூன்று ஸ்ட்ரோக்குகளையும் ஃப்ளைவீல்தான் சுமக்க வேண்டும். பழையது இலேசாக இருந்தால் எஞ்சின் ஒரு வெடிப்போடு நின்றுவிடும். கனமானது மாட்டலாம், ஆனால் வேகத்தைக் கட்டுப்படுத்த ஒரு கவர்னரும் வைத்துக்கொள்ளுங்கள். வளையத்தில் வரும் இழுவிசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும்: 400 சுற்று ஓடியது 1600-க்குப் போனால் பதினாறு மடங்கு. மெல்லிய ஆரங்கள் உள்ள வார்ப்பு ஃப்ளைவீலுக்கு நேராக முகத்தை வைத்து நிற்காதீர்கள்.

நீராவியில் குழாயைத் திறந்தால் எஞ்சின் தானே கிளம்பும். இங்கே நாம்தான் சுற்றிக் கொடுக்க வேண்டும். முதலில் பிளக்கைக் கழற்றிவிட்டு, டிரில் மெஷினால் கால் மணி நேரம் எண்ணெயோடு சுற்றவிடுங்கள், எல்லாம் ஒன்றோடொன்று பழகட்டும். அப்புறம் பிளக், அப்புறம் எரிபொருள். பற்றவில்லை என்றால் முதலில் அமுக்கம், பிறகு பொறி, கடைசியில் கலவை, இந்த வரிசையில் பாருங்கள்; எல்லோரும் முதலில் கார்புரேட்டரைத்தான் நோண்டுவார்கள், தப்பு பெரும்பாலும் அங்கே இருக்காது. ஓடிவிட்டால் முதல் ஓட்டம் ஒரு நிமிடத்தோடு போதும். நிறுத்தி, ஆறவிட்டு, பிஸ்டனை வெளியே எடுத்து ரிங்கைப் பாருங்கள். சுற்றிலும் ஒரே சீராகச் சாம்பல் பளபளப்பு இருந்தால் நன்றாகப் பிடித்திருக்கிறது. ஓரிடத்தில் மட்டும் கறுப்புக் கோடு இறங்கியிருந்தால் தீ அந்த வழியாகக் கீழே எட்டிப் பார்த்திருக்கிறது. சிலிண்டரை இன்னும் கொஞ்சம் தேய்க்க வேண்டும்.